எழுத்து தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை

மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "பணியில் சேர்ந்து முதல் வருடம். என் வகுப்பில் 28 பேர். அதில் ஒன்பது பேர் அ, ஆ முதல் ஃ வரை கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டதை அச்சடித்த மாதிரி நோட்டில் எழுதுகிறார்கள். ஆனால் 'படகு' என்று ஒரு சொல்லைப் புதிதாக எழுதிக் காட்டினால் விழிக்கிறார்கள். பாடத்தையும் முடிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?"

உங்கள் கேள்வியிலேயே நோய் எங்கே என்று இருக்கிறது. அந்த ஒன்பது பேருக்கும் யாரோ எழுத்துகளைக் காட்டியிருக்கிறார்கள். எழுதவும் வைத்திருக்கிறார்கள். ப, ட, கு மூன்றையும் ஒரே மூச்சில் ஒட்டிப் 'படகு' ஆக்குவது எப்படி என்று மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்து தெரிந்துவிட்டால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்று நாம் நம்புகிறோம், நமக்கு அப்படி வந்ததாக ஒரு ஞாபகம் இருப்பதால். சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே தானாக வந்துவிடும். வராதவர்கள் இரண்டு வருடம் பார்த்து எழுதியே காலத்தை ஓட்டிவிட்டு மூன்றாம் வகுப்பில் மாட்டிக்கொள்வார்கள்.

இது உங்கள் வகுப்பின் கதை மட்டும் என்று மனம் விட்டுப்போகாதீர்கள். குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2022-ல் 20.5 சதவீதம், 2024-ல் 27.1 சதவீதம். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் உங்கள் வகுப்பின் நிலைமை நன்றாகவே இருக்கிறது.

முதல் வாரம் பாடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தையையும் தனியாகக் கூப்பிட்டு மூன்று நிமிடம் கேளுங்கள். மற்றவர்கள் படம் வரைந்துகொண்டிருக்கட்டும். எழுத்துகளை வரிசை குலைத்துக் காட்டுங்கள். வரிசையில் கேட்டால் வாய்தான் பதில் சொல்லும், கண் சொல்லாது. அடுத்து மூன்றெழுத்துச் சொற்கள். அதன்பிறகு, அகராதியிலேயே இல்லாத சொற்கள்: 'பமிடு', 'தோலிகா', 'மேசபூ' என்று வாயில் வந்ததை எழுதிக் காட்டுங்கள். குழந்தைகள் சிரித்துக்கொண்டே முயல்வார்கள். மனப்பாடம் எட்டமுடியாத இடம் இது. 'மரம்', 'பழம்' எல்லாவற்றையும் டக்டக்கென்று சொன்ன குழந்தை 'பமிடு'வில் நின்றுவிட்டால், அது சொற்களை முகம் பார்த்து அடையாளம் சொல்கிறது, வாசிக்கவில்லை என்று தெரிந்துவிடும். கடைசியாக மூன்று வரிப் பத்தி, இரண்டு கேள்வி.

பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளோடு கிடந்தவள். முதல் வருடத்தில் ஒரு பையன் பாடம் முழுவதையும் ராகம் போட்டு வாசித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவன் விரல் இரண்டு வரி மேலே நின்றுகொண்டிருந்தது. புத்தகத்தை மூடினேன். வாசிப்பு நிற்கவில்லை.

இப்படிப் பார்த்தால் உங்கள் ஒன்பது பேரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்று தெரியும். நான்கைந்து பேருக்கு எழுத்தே அரைகுறையாக இருக்கும். இரண்டு மூன்று பேருக்கு எழுத்து தெரியும், சேர்க்கத் தெரியாது. ஒருவர் இருவர் சேர்த்து வாசிப்பார்கள், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து. இந்த மூன்று வகையினருக்கும் தரவேண்டிய பாடம் வேறு வேறு. எல்லோரையும் 'மெல்லக் கற்போர்' என்று ஒரே மூலையில் உட்காரவைத்து 247 எழுத்தையும் மறுபடி எழுதவைப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

247 என்ற எண்ணைக் கேட்டுக் குழந்தை பயப்பட வேண்டியதில்லை, நாமும் பயப்பட வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மீதி 216-ம் உயிர்மெய். அந்த 216-ஐயும் தனித்தனிச் சித்திரமாகக் கற்க வேண்டியதில்லை. ஒரு கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, மேலே ஒரு வளைவு, சுழித்த வளைவு என்று சில குறிகள். கூடவே ஒரு புள்ளி. 'கா'வில் கால் என்ன வேலை செய்கிறது என்று பிடிபட்டுவிட்டால் 'மா', 'பா', 'லா' எதையும் சொல்லித்தர வேண்டாம். முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசைகள் மட்டும்தான். கு, டு, மு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அந்த 36-ஐயும் தனியாக, பொறுமையாக, சொற்களோடு சேர்த்துப் பழக்க வேண்டும். ஙௌ, ஞௌ என்று நாள்களை வீணாக்காதீர்கள். 'ங்' தெரிந்தால் போதும். மௌனம், வௌவால் வரும்போது ஔகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் வகுப்பில் யார் பெயரிலாவது இருக்கும், பெயரிலிருந்தே கற்றுக்கொள்வார்கள்.

வரிசைக்கும் கட்டுப்பட வேண்டாம். அகரவரிசை அகராதி பார்க்கத் தேவை. வாசிப்பைத் தொடங்க அது மிக மோசமான வழி, ஏனென்றால் பன்னிரண்டு உயிரெழுத்து படித்து முடித்த பிறகும் வாசிக்க ஒரு சொல் கிடைக்காது. 'ஈ' ஒன்று, வேண்டுமானால் 'ஆ' ஒன்று. மாறாக ப, ட, ம, க, ல என்று ஐந்தையும் ஒரு புள்ளியையும் கொடுத்துப் பாருங்கள்: படம், பட்டம், மட்டம், பக்கம், கம்பம், கல், பல், பகல், கடல், கப்பல். ஒரு காலைச் சேருங்கள்: பாடம், பாலம், காகம், கால், மாமா. 'மாமா கடல் பக்கம்' என்று எழுதிப்போட்டால் அது ஒரு கதையின் முதல் வரி. மாமா ஏன் கடல் பக்கம் போனார் என்று அரைமணி நேரம் பேசுவார்கள். இரண்டாவது வாரத்திலேயே 'நான் படித்தேன்' என்ற உணர்வு வந்துவிடும். இரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த குழந்தைக்கு வேறெதையும்விட அதுதான் தேவை.

இனிச் சேர்த்தல். இதைக் காதில்தான் தொடங்க வேண்டும், பலகையில் வேண்டாம். "நான் துண்டு துண்டாகச் சொல்வேன், நீ ஒட்டிச் சொல்: ப... ட... கு." குழந்தை 'படகு' என்னும். பிறகு திருப்பி: "நான் 'கதவு' என்பேன், நீ துண்டு போடு." கைதட்டிக்கொண்டே ஐந்து நிமிடம். இது வந்த பிறகு அதே சொல்லைப் பலகையில் எழுதி, எழுத்துக்குக் கீழே விரலை இழுத்துக்கொண்டே, ஒலியை விடாமல் நீட்டி வாசித்துக் காட்டுங்கள். 'ப' என்று சொல்லி நிறுத்தி, 'ட' என்று சொல்லி நிறுத்தினால், 'கு' வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். 'பஅஅடஅஅகு' என்று இழுத்து, அடுத்த தடவை வேகமாக, அதற்கடுத்து இயல்பாக. ஒரு சொல்லுக்கு மூன்று ஓட்டம். பார்க்க அற்ப விஷயமாக இருக்கும். நான் பார்த்தவரை, பாதிக் குழந்தைகள் தட்டுப்பட்டு நின்றது இந்த அற்ப விஷயத்தில்தான்.

எழுத்தளவில் துண்டு போடுவது நம் குழந்தைகளுக்குச் சுலபம். அதற்கும் கீழே போய் 'கி' என்பதை க், இ என்று பிரித்துக் கேட்பது கஷ்டம். சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது: அசை பற்றிய உணர்வு முதலில் வருகிறது, தனி ஒலி பற்றிய உணர்வு மிக மெதுவாக வருகிறது, எழுத்துகளை முழுதாக வசப்படுத்த ஆங்கிலம்போல் ஓராண்டு போதாமல் மூன்று, நான்காம் வகுப்பு வரை இழுக்கிறது. தமிழின் எழுத்தமைப்பும் அதே குடும்பம். 'க் + அ = க, க் + ஆ = கா' என்று நாம் கோரஸாகச் சொல்லவைப்பது பெரும்பாலும் வெறும் பாட்டுதான். அதற்குப் பதில் ஒரு குறி மாறினால் பொருள் மாறும் சோடிகளைக் கொடுங்கள். படம் - பாடம், கல் - கால், விடு - வீடு, முடி - மூடி, கொடி - கோடி, பெட்டி - பேட்டி, எடு - ஏடு. 'அம்மா முடியைத் திறந்தாள்' என்று வேண்டுமென்றே தப்பாக எழுதிப்போடுங்கள். வகுப்பே கத்தும். குறில் நெடிலைப் பற்றி அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, காதுக்குப் பின்னால் வருகிறது என்பதையும் கவனியுங்கள். 'கெ' என்பதில் முதலில் தெரிவது கொம்பு. ஒலிப்பதோ க் முதலில். 'கொ'வில் ஒரே உயிரொலியின் குறி ககரத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. சில குழந்தைகள் 'கொ'வை 'கெ', 'ர' என்று இரண்டாகப் படிப்பது அதனால்தான். காலும் ரகரமும் அவர்கள் கண்ணுக்கு ஒன்று. கொம்பையும் காலையும் ஒரே வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டுங்கள், இரண்டும் ஒரு ஆள் என்று புரியும்.

புள்ளியை விட்டுவிடும் குழந்தைகளைத் திட்டாதீர்கள். ஓலைச்சுவடி எழுதியவர்களும் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எகர, ஏகார வேறுபாட்டையும் புள்ளிதான் அன்றைக்குக் காட்டியது. வைக்காதபோது படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு போடும் வழக்கத்தை வீரமாமுனிவர் கொண்டுவந்ததாகச் சொல்வது 18-ஆம் நூற்றாண்டுக் கதை. பேரறிஞர்களே ஊகித்துப் படித்த மொழி இது.

வேறொரு கேள்வியும் உங்களிடம் வரும். பகலில் க ஒருவிதம், பக்கத்தில் ஒருவிதம், தங்கத்தில் ஒருவிதம் ஒலிக்கிறதே, குழந்தைக்கு எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டாம். 'ப-க-ல்' என்று வல்லொலியாகவே கூட்டினாலும், அந்தச் சொல் காதில் ஏற்கெனவே இருந்தால் வாய் தானாகச் சரியாக உச்சரித்துவிடும். தடுக்குவது தெரியாத சொற்களிலும் பிறமொழிப் பெயர்களிலும்தான். 'பாலா'வை எந்தப் பகரத்தில் தொடங்குவது என்று எழுத்து சொல்லாது. பாலாவைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே சொல்வளம் என்பது பொருள் புரிய மட்டும் தேவைப்படுவதாக நினைக்காதீர்கள். கூட்டி வாசிக்கவும் அது வேண்டும்.

இங்கேதான் தமிழ் வகுப்பின் பெரிய பள்ளம் இருக்கிறது. குழந்தை 'இ-லை' என்று ஒழுங்காகக் கூட்டிவிடும். கூட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அதற்குத் தெரிந்தது 'எல'. 'உடம்பு' அதற்கு 'ஒடம்பு', 'உடைந்துவிட்டது' அதற்கு 'ஒடஞ்சிருச்சு'. வீட்டு மொழிக்கும் புத்தக மொழிக்கும் இவ்வளவு தூரம் இருப்பது ஆசிரியர்களாகிய நமக்கு மறந்துபோய்விட்டது. வாசித்துவிட்ட சொல்லையும் தனக்குத் தெரிந்த சொல்லையும் குழந்தை இணைத்துக்கொள்ளாதவரை, அது வாசித்தும் வாசிக்காததுதான்.

இதற்கு நான் கண்ட மருந்து இரண்டு. ஒன்று, தினமும் கால்மணி நேரம் நீங்கள் கதை வாசித்துக் காட்டுவது. சொல்லிக் காட்டுவதும் நல்லதுதான். ஆனால் வாசித்துக் காட்டினால்தான் 'வந்துவிட்டான்', 'பார்த்துக்கொண்டிருந்தது' போன்ற புத்தகத் தொடர்கள் காதில் பழகும். முதல்நாள் பேச்சு மொழியில் சொல்லுங்கள், மறுநாள் அதே கதையைப் புத்தகத்திலிருந்து வாசியுங்கள். கதை தெரியும் என்பதால் மொழியைக் கவனிப்பார்கள். மற்றொன்று, குழந்தை சொல்வதை அது சொன்னபடியே எழுதுவது. "எங்க வீட்டு நாயி குட்டி போட்டுச்சு" என்றால் அப்படியே பலகையில் எழுதுங்கள். அதை அந்தக் குழந்தை வாசித்துவிடும், ஏனென்றால் அது அதன் சொந்த வாக்கியம். பிறகு பக்கத்தில் "எங்கள் வீட்டு நாய் குட்டி போட்டது" என்று எழுதி, "புத்தகத்தில் இப்படி வரும்" என்று சொல்லுங்கள். கொச்சையைப் பலகையில் ஏற்றுவதா என்று தலைமையாசிரியரோ பெற்றோரோ கேட்கலாம். என்னிடமும் கேட்டார்கள். ஒரு கரையிலிருந்துதான் பாலம் கட்ட முடியும், குழந்தை நிற்கும் கரையிலிருந்து. அதை அழித்துவிட்டுப் பாலம் கட்டச் சொன்னால் எப்படி?

படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் பல வகுப்புகளில் இருக்கிறது. வாசிப்பு ஓர் ஊக விளையாட்டு என்று அமெரிக்காவில் கென்னத் குட்மன் 1967-ல் எழுதிய கருத்து உலகம் முழுக்கப் பரவியது. திறமையான வாசகர் ஊகிப்பதில்லை, எழுத்துகளைப் பார்த்தே படிக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. ஊகிப்பது தட்டுத்தடுமாறும் வாசகரின் ஊன்றுகோல். 'குதிரை' என்று எழுதியிருக்கும் இடத்தில் படத்தைப் பார்த்துவிட்டுக் 'கழுதை' என்று சொல்லும் குழந்தையைப் பாராட்டாதீர்கள். படத்தை மூடுங்கள், கு-வில் தொடங்கச் சொல்லுங்கள்.

எழுதுவதற்கு வருகிறேன். பார்த்து எழுதுவதை எழுத்து வேலை என்று கணக்கில் வைக்காதீர்கள். பத்துப் பக்கம் பார்த்து எழுதும் குழந்தை பெரும்பாலும் கோடுகளை வரைகிறது. அடுத்த எழுத்துக்குப் பலகையை நிமிர்ந்து பார்க்கிறது என்றால் சொல் மனதில் இல்லை என்று அர்த்தம். அதே நேரம் கையால் எழுத்துருவை எழுதிப் பழகுவது வாசிப்புக்கும் உதவும். ஆகவே வடிவம் பழகும் வயதில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் ஒலிக்கவையுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதவைத்தது இதைத்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டோடு சேர்த்து 1797-ல் அவர் அதைப் பற்றி எழுதி வெளியிட, இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. நாம் இடையில் எப்படியோ மணலையும் ஒலியையும் விட்டுவிட்டு 'ஐந்து தடவை எழுதி வா'வை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

சொல்வதை எழுதுதல் நல்ல கருவி. அதை மதிப்பெண் போட மட்டும் வைத்திருக்கிறோம், அதுதான் குறை. தவறுகளைப் படித்துப் பாருங்கள், அவை பேசும். 'பட்டம்' என்றதற்குப் 'படம்' என்று எழுதினால் இரட்டிப்பு காதில் விழவில்லை. 'பந்து' என்பதைப் 'பத்து' என்று எழுதினால் மூக்கொலி விழவில்லை. இவர்களுக்குக் கைதட்டும் பயிற்சி வேண்டும், எழுதும் பயிற்சி வேண்டாம். 'நான் பல்லிக்கு வந்தேன்' என்று எழுதினால் காதில் குறை இல்லை; பேச்சில் ல, ள வேறுபாடு மங்கிவிட்ட வீட்டிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். அதைக் கண்ணால்தான் கற்க வேண்டும், நிறைய வாசித்து.

ண, ன, ந குழப்பத்துக்கு மட்டும் விதி கைகொடுக்கும், அந்த விதி எழுத்தின் பெயரிலேயே இருக்கிறது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். டகரத்துக்கு முன்னால் ண் (வண்டி), றகரத்துக்கு முன்னால் ன் (கன்று), தகரத்துக்கு முன்னால் ந் (பந்து). 'மூணு சுழி, ரெண்டு சுழி' என்று எண்ணவைத்ததில் இந்த அருமையான துப்பு தொலைந்துபோனது. இதோடு ங்க, ஞ்ச, ம்ப மூன்றையும் சேர்த்து ஆறு சோடிகளையும் சுவரில் ஒட்டிவையுங்கள். தந்நகரம் சொல்லின் தொடக்கத்திலும் தகரத்துக்கு முன்பும் வரும். 'முந்நூறு', 'செந்நிறம்' போன்ற சில கூட்டுச் சொற்களை ஐந்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

சொந்தமாக எழுதுவதை வாசிப்பு முழுதாக வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இருபது எழுத்து தெரிந்த குழந்தையால் ஒரு வாக்கியம் எழுத முடியும். படம் வரையட்டும், கீழே ஒரு வரி எழுதட்டும், தெரியாத எழுத்துக்குக் கோடு போட்டுவிட்டு நகரட்டும். திருத்தும்போது ஒரு தாளில் இரண்டு தவறுக்கு மேல் தொடமாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சத்தியம் வைத்திருந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மை விழுந்தால் அடுத்த நாள் அந்தக் குழந்தை தனக்கு உறுதியாகத் தெரிந்த நான்கு சொல்லை மட்டுமே எழுதும். தப்பில்லாமல்தான் எழுதும். அதோடு எழுத்து செத்துவிடும். எழுதியதை யாராவது படிக்கவும் வேண்டும்: வகுப்பில் ஓர் அட்டைப்பெட்டியைத் தபால்பெட்டி ஆக்குங்கள், ஒருவருக்கொருவர் கடிதம் போடட்டும். தன் கையெழுத்தைப் பக்கத்து மேசைக்காரி படிக்க முடியாமல் திருப்பிக் கொடுக்கும்போது வரும் அக்கறை, நான்கு கோடு நோட்டில் வந்து நான் பார்த்ததில்லை.

ஊர்ந்து வாசிக்கும் அந்த ஒருவர் இருவருக்கு வேகம் வேண்டும். வேகம் ஏன் முக்கியம் என்றால், வரியின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிட்டால் பொருள் எங்கிருந்து வரும்? ஒரே சிறு பத்தியை மூன்று நாள் வாசிக்கவையுங்கள். நன்றாக வாசிப்பவரோடு சோடி சேர்த்துச் சேர்ந்து வாசிக்கவையுங்கள். மத்திய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத்தின் இலக்கு இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60. தமிழுக்கு அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தாதீர்கள். 'வந்துகொண்டிருந்தார்களாம்' நமக்கு ஒரே சொல். வேறு சில மொழிகளில் அது நாலைந்து சொல். தடுமாற்றம் குறைகிறதா, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்களா, பேசுகிற தொனி வருகிறதா என்று காதால் கேட்டால் போதும்.

புரிந்ததா என்பதற்கு நம் கேள்விகள் எதையும் காட்டுவதில்லை. இதைப் பாருங்கள்: 'குடுகன் மடலியில் சிபினான்.' கேள்வி: குடுகன் எங்கே சிபினான்? விடை: மடலியில். முழு மதிப்பெண். எனக்கும் உங்களுக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. பாடத்தின் பின்னால் இருக்கும் 'எடுத்து எழுது' கேள்விகளில் பல இப்படித்தான். ஏன், அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும், நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று வாய்மொழியாகக் கேளுங்கள். உலகத்தைப் பற்றிய அறிவும் வேண்டும். 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கினாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத மாணவர்களைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். அறிவியல், சமூகவியல் நேரத்தைப் பிடுங்கி வாசிப்புக்குக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் பாடத்தோடு எப்படிச் செய்வது என்றால், தினமும் 40 நிமிடம். அதற்குமேல் கேட்டால் நடக்காது. தமிழ்நாட்டில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வகுப்புக்குள்ளேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது; அந்த ஏற்பாட்டையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். நிலை பிரிப்பது தற்காலிகமாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை மறுபடி மூன்று நிமிடச் சோதனை, மறுபடி பிரிப்பு. ஜூனில் அரும்பாக இருந்த குழந்தை ஏப்ரலிலும் அரும்பாகவே இருந்தால் அது பட்டம் கட்டியதாகிவிடும். முன்பு செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படியும் இருந்தன. 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆசிரியர் பேசாத வகுப்பில் அட்டை தானாகப் பேசாது. சேர்த்து ஒலிக்க அட்டை கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் இப்படி நடத்தியும் ஒரு குழந்தை நகரவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்த மறுநாளே வாசிக்கத் தொடங்கிய குழந்தைகள் உண்டு. அதுவும் சரியாக இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கலாம். ஒலியும் எழுத்தும் நெருக்கமாகப் பொருந்தும் மொழிகளில் அது பெரும்பாலும் தவறுகளாகத் தெரிவதைவிட மெதுவான வாசிப்பாகத் தெரியும். அதனால் 'சோம்பேறி' என்று எளிதாகப் பெயர் வாங்கிவிடும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. தலைமையாசிரியர் வழியாகச் சிறப்பாசிரியரிடம் அனுப்புங்கள். வகுப்பில் நீங்களாகவே பெயர் வைத்துவிடாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யச் சொல்வது என்று பெற்றோர் கேட்பார்கள். எழுதவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்டால் போதும். தங்களுக்குப் படிக்கத் தெரியாதே என்று தயங்குவார்கள். கேட்பதற்குப் படிப்பு எதற்கு? "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

நாளைக்கே தொடங்குவதென்றால் ஒன்பது துண்டுக் காகிதத்தில் 'பமிடு', 'தோலிகா' என்று எழுதிக்கொண்டு போங்கள். இரண்டையும் சிரித்துக்கொண்டே வாசித்துவிடும் குழந்தை ஒன்றாவது அந்த ஒன்பதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு, எட்டுப் பேரோடு ஆரம்பியுங்கள்.